மலை நகராமைச் சான்றிதழ்

இக்கதைக்குள் நுழைவதற்கு முன் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. அவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டால், பின்னால் நடந்தவை யாவும் முறைப்படியே நடந்தன என்பது விளங்கும். முறைதவறி நடந்தது மலை ஒன்றுதான் என்பதும் விளங்கும்.

முதலில், மலை. அது ஊரின் முதுகுப்புறத்தில் நின்றது. மழைக்காலத்தில் அதன் மேற்பாதி மேகத்துக்குள் இருக்கும். கீழ்ப்பாதியின் காலடியில் ஒரு தெரு இருந்தது. தெருவுக்கும் மலைக்கும் இடையே கருங்கல் தாங்குசுவர் ஒன்று, மலையே தன்மேல்தான் நிற்கிறது என்ற பெருமிதத்தோடு, பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, கண்ணாடி. தாங்குசுவரில் விரிசல் விழுந்தால், அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டிவிடுவார்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் மலை நகர்கிறது என்று பொருள். உடனே தெருவைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. எளிய ஏற்பாடு, பொய் சொல்லத் தெரியாத ஏற்பாடு. ஆகவே, ஓர் அரசு அலுவலகத்தில் அது நெடுநாள் நிலைத்திருக்க வழியில்லை.

பிறகு, அந்த அலுவலகம். சரிவுக் கண்காணிப்பு அலுவலகம் என்பது அதன் பெயர். கூரை ஒழுகிய இடங்களிலெல்லாம் வாளிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாளியிலும் அலுவலகத்தின் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவரிலும் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருந்தது. அதை மறைக்கும் பொருட்டு, சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று அங்கே மாட்டப்பட்டிருந்தது. விரிசல் வளர வளர, முன்னதைவிட அகலமான பாராட்டு ஒன்றைப் பெற அலுவலகம் பாடுபட்டது, பெற்றும் வந்தது.

கடைசியாக, கண்காணிப்பாளர். கண்ணாடி ஒட்டுவதும், ஒட்டியதைப் பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும் அவருடைய பணி. அவரை நேர்மையானவர் என்று சொல்ல முடியாது. நேர்மையற்றவர் என்றும் சொல்ல முடியாது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது மேசை காலியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கொள்கை.

கேட்பவர் அறிய வேண்டியவை இவ்வளவே. இனிக் கதை.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் கண்ணாடிகள் உடையத் தொடங்கின. விதிப்படி தெருவைக் காலிசெய்திருக்க வேண்டும். ஆனால், அந்த விதி இருந்த அலமாரியிலேயே இன்னொரு விதியும் இருந்தது: அரசு உடைமை ஏதேனும் சேதமடைந்தால், அதற்குப் பொறுப்பானவர் விளக்கம் அளிக்க வேண்டும். கண்ணாடி அரசு உடைமை. இவ்விரண்டு விதிகளில் எது முதலில் பாயும் என்பது, அலமாரியில் எது மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கண்காணிப்பாளர் அழைக்கப்பட்டார். இயக்குநர் அம்மையார் அப்போதுதான் 'நேர்மறை நிர்வாகம்' என்னும் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அலுவலகத்தில் இனி எதிர்மறைச் சொல் எதுவும் புழங்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தார்.

"கண்ணாடி ஏன் உடைஞ்சது?"

"விரிசல் பெரிசாயிடுச்சு மேடம்."

"அந்த வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தேனே. சுற்றறிக்கை படிக்கலையா?"

"மன்னிக்கணும் மேடம். மலையோட புன்னகைக் கோடு பெரிசாயிடுச்சு."

"அது நல்ல செய்திதானே? நல்ல செய்திக்குக் கண்ணாடி ஏன் உடையணும்?"

அருகிலிருந்த வாளியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்தது.

"பக்கத்து மலை ஆபீஸ்ல இந்த வருஷம் ஒண்ணுகூட உடையலையாம். மேலிடத்துல என்னை நிக்க வச்சுக் கேக்கறாங்க."

"அவங்க ஒட்டவே இல்லை மேடம்."

"ஒட்டாம இருந்தா அது சிக்கனம். நீங்க ஒட்டி உடைச்சிருக்கீங்க. உடையாத மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, நான் நிர்வாகம்."

கண்காணிப்பாளர் வெளியே வந்தார். மழைக்கோட்டை மடித்துக் கட்டுவதற்காக அவர் வைத்திருந்த சைக்கிள் டியூப் பட்டை மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். அது நீண்டது. விட்டார், சுருங்கியது. மீண்டும் இழுத்தார். அறவில்லை. மனித வாழ்வில் சில கண்டுபிடிப்புகள் இப்படித்தான் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

அந்த வாரமே தாங்குசுவரிலிருந்த கண்ணாடிகள் யாவும் அகற்றப்பட்டு, அவ்விடங்களில் ரப்பர்ப் பட்டைகள் ஒட்டப்பட்டன. விரிசல் வளர்ந்தது, பட்டையும் அதற்கு இணங்கி வளர்ந்தது. இருவருக்கும் இடையே எந்த மனத்தாங்கலும் ஏற்படவில்லை. ஆண்டு முடிவில், சேதம் ஏதுமற்ற முதல் அலுவலகம் என்று தலைநகரிலிருந்து விருது வந்தது. இயக்குநர் அம்மையார் அதைத் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். விரிசலின் இரு ஓரங்களையும் அது கனகச்சிதமாக மறைத்தது.

சேதமில்லாத மலை என்று பெயர் பரவியதும், சமவெளிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். மேகத்துக்குள் உறங்குவது அப்போது நாகரிகமாக இருந்தது. அந்த நாகரிகத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் கண்காணிப்பாளரின் மைத்துனர், அதாவது அவர் மனைவியின் அண்ணன். தாங்குசுவரை ஒட்டி, தெருவின் உயரமான மூலையில், 'மேக மாளிகை' என்று ஒரு விடுதி கட்டினார். அங்கே சன்னல்களுக்குக் கதவே கிடையாது. மேகம் நேரே கட்டிலுக்கு வரும். மெத்தை நனைந்தால் அது குறையன்று, அனுபவம். விருந்தினர் தும்மினால் அதுவும் அனுபவம்.

விடுதி நடத்த மலை நகராமைச் சான்றிதழ் வேண்டும். 'மேற்படி மலை இவ்வாண்டு இறுதிவரை நகராது என்று இதன்வழி உறுதியளிக்கப்படுகிறது' என்பது அதன் வாசகம். மலையின் கையொப்பம் தேவையில்லை. கண்காணிப்பாளரின் கையொப்பம் போதும். அவர் போட்டார். மேசை காலியாயிற்று.

மைத்துனர் நன்றி மறக்காதவர். விடுதியின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளைத் தங்கைக்குக் கொடுத்தார். ஒழுகும் அரசுக் குடியிருப்பை விட்டு வர அவளுக்குக் கசக்குமா? வரவேற்பு மேசையும் அவள் பொறுப்பாயிற்று. அந்த மேசைக்கு மேலே, கணவர் கையொப்பமிட்ட சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டி, நாள்தோறும் காலையில் துணியால் துடைத்து வந்தாள். கணவரின் சட்டைக்கு அந்தக் கவனிப்புக் கிடைத்ததில்லை.

இந்நிலையில்தான் அந்தப் பெருமழை வந்தது.

இரவு பகல் பாராமல் கொட்டியது. ஓடையில் தண்ணீர் முதலில் பழுப்பாக ஓடியது. பிறகு செம்மண் குழம்பாக ஓடியது. பிறகு, மழை குறையாதபோதே, ஓடை வற்றத் தொடங்கியது. தண்ணீரை மலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது என்பது கண்காணிப்பாளருக்குத் தெரியும். அவர் குடையோடு தாங்குசுவருக்குப் போனார். சென்ற வாரம் விரல் நுழைந்த விரிசலில் இப்போது முழங்கை நுழைந்தது. குடையை மடக்கி உள்ளே விட்டுப் பார்த்தார். பிடிவரை போயிற்று. அதன் குறுக்கே ரப்பர்ப் பட்டை, நரம்புபோல் விறைத்து, அறாமல் நின்றது.

அந்தச் சுவரை ஒட்டியே, கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவருடைய மனைவி வரவேற்பு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேரே அலுவலகத்துக்கு ஓடினார்.

"மேடம், தெருவை உடனே காலி பண்ணணும்."

"பட்டை அறுந்துடுச்சா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் என்ன?"

"அது அறாது மேடம். அறாதுங்கறதுக்குத்தானே விருது வாங்கினோம்."

இயக்குநர் அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "கண்ணாடி உடைந்தால் காலி செய்க. அப்படித்தான் இருக்கு. கண்ணாடியே இல்லாதப்ப அது எப்படி உடையும்? உடையாதப்ப நான் எப்படிக் காலி பண்ணச் சொல்றது?"

"இப்பவே ஒரு கண்ணாடி ஒட்டிடறேன் மேடம். கண்ணெதிர்ல உடைஞ்சுடும்."

"கண்ணாடி பழைய தொழில்நுட்பம்னு நாமதானே எழுதிக் கொடுத்தோம்? இப்ப மறுபடி ஒட்டினா, விருதைத் திருப்பிக் கேப்பாங்க. திருப்பிக் கொடுத்துட்டா..." அவர் தம் பின்னாலிருந்த சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வேண்டாம்."

"அப்போ பட்டையை நானே கத்திரிச்சுடட்டுமா?"

"அது அரசு உடைமை. நல்லா இழுபடற உடைமை. விளக்கம் கேக்க வேண்டியிருக்கும்."

கண்காணிப்பாளர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மேக மாளிகைக்கு ஓடினார். வரவேற்பறையில் மனைவி போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் கால்மேல் கால் போட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

"கிளம்பு. கையில கிடைச்சதை எடுத்துக்கோ. மலை வரப் போகுது."

"என்னங்க இது? குடிச்சிருக்கீங்களா?"

"சுவர்ல குடை நுழையுது. முழுக் குடை!"

அவள் போர்வையைக் கீழே வைத்துவிட்டு, தலைக்கு மேலே விரலைக் காட்டினாள். "வருஷக் கடைசி வரைக்கும் நகராதுன்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து."

"நான்தான் போட்டேன். எனக்குத் தெரியாதா? அது சும்மா போட்டது."

"சும்மா போடற ஆளா நீங்க? ஒரு கையெழுத்துக்கு நம்ம தெருத் தையல்காரம்மாவை எத்தனை தடவை நடக்க விட்டீங்க?"

"மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார் மைத்துனர். "மாடியில கெஸ்ட் இருக்காங்க. இப்படியெல்லாம் நெகட்டிவா பேசினா காதுல விழும்."

"மச்சான், அது வெறும் ரப்பர். சைக்கிள் டியூப். எவ்வளவு இழுத்தாலும் அறாது. அதனாலதான் அறலை!"

"அதைத்தான் டெக்னாலஜின்னு சொல்றாங்க."

"என்னை நம்பு" என்று மனைவியிடம் கெஞ்சினார். "இத்தனை வருஷத்துல உங்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேனா?"

அவள் சற்று யோசித்தாள். "இல்லை. ஆனா இது வாய்வார்த்தை. அது எழுத்து. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எதைக் காட்டறது?"

கண்காணிப்பாளர் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். எல்லா வீடுகளிலும் அதே சான்றிதழின் நகல் தொங்கியது. தையல்காரம்மா மட்டும் பாதிக் கதவைத் திறந்து, "நான் வந்தப்பல்லாம் நாளைக்கு வான்னு சொன்னீங்களே சார். நீங்களும் நாளைக்கு வாங்க" என்று சாத்திக்கொண்டாள்.

மழையில் நனைந்தபடி நடுத்தெருவில் நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஆபத்து என்று சொன்னால் இவர்கள் அசைய மாட்டார்கள். நிகழ்ச்சி என்று சொன்னால் அசைவார்கள்.

திரும்ப அலுவலகத்துக்குப் போனார். ஆண்டு இலக்கில் விழிப்புணர்வு முகாம் ஒன்று பாக்கி இருப்பதை இயக்குநருக்கு நினைவூட்டினார். ஓடைக்கு அக்கரையில், பாறைமேல் நிற்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் இன்றே அதை நடத்திவிடலாம் என்றார். சிறப்புரை அம்மையாருடையதே என்றார். இயக்குநர் அம்மையாரின் முகம் மலர்ந்தது.

"முகாமுக்கு என்ன தலைப்பு?"

"'நிலச்சரிவை நேசிப்போம்', மேடம்."

"அருமை. இதைத்தான் இத்தனை நாளா எதிர்பார்த்தேன் உங்ககிட்ட."

சென்ற ஆண்டு மழையால் நடக்காமல் போன முகாமுக்கு அச்சிட்ட பனியன்கள் கிடங்கில் இருந்தன. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் நுழைந்தது. வருபவர்களுக்குப் பனியன் உண்டு, பங்கேற்புச் சான்றிதழ் உண்டு, குழுப்படம் உண்டு என்று அது முழங்கியது. மலை வருகிறது என்றபோது திறக்காத கதவுகள் படபடவென்று திறந்தன. தையல்காரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். மேக மாளிகையின் விருந்தினர்கள், மழையில் நடப்பதும் அனுபவமே என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு நடந்தார்கள். மைத்துனர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தபடி முன்னால் போனார். நோயாளிகளைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களுக்கும் பனியன் அளவு சரியாக இருக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். தெரு காலியாயிற்று. சேதமடைந்த கண்ணாடி எதுவுமில்லாமலேயே காலியாயிற்று.

மண்டபத்தில் அனைவரும் ஒரே நிறப் பனியனில் அமர்ந்திருந்தார்கள். இயக்குநர் அம்மையார் சன்னலுக்கு முதுகு காட்டி நின்று உரையைத் தொடங்கினார். சன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், மலை முழுதாகத் தெரிந்தது. கண்காணிப்பாளர் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவியைக் காணோம்.

"மச்சான், அவ எங்கே?"

"பின்னாடியே வரேன்னு சொன்னாளே" என்றார் மைத்துனர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்காணிப்பாளர் சிறப்புரையின் நடுவே எழுந்து ஓடினார். பாலத்தைத் தாண்டி, வெறிச்சோடிய தெருவில் ஏறியபோது, மேக மாளிகையின் படியில் அவள் நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். சட்டமிட்ட சான்றிதழை மழைக்கோட்டால் பொதிந்து மார்போடு அணைத்திருந்தாள். அவள் மட்டும் நனைந்துகொண்டிருந்தாள்.

"பாலம் வரைக்கும் வந்துட்டேங்க. சாரல் இது மேல அடிக்குமேன்னு திரும்பினேன். உங்க கையெழுத்து கரைஞ்சுடக் கூடாதில்ல?"

பெரிய வீடொன்றில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கட்டில்களை இழுப்பதுபோல் ஓர் ஓசை மேலே கேட்டது. அவர் அவள் கையைப் பற்றினார். திருமணத்துக்குப் பிறகு தெருவில் அவர் அவள் கையைப் பிடித்தது அதுவே முதல்முறை. அவள் வெட்கப்பட்டாளே தவிர ஓடவில்லை.

"என்னங்க, யாராவது பார்க்கப் போறாங்க."

"பார்க்கட்டும், வா!"

அப்போது தாங்குசுவர் கர்ப்பிணியின் வயிறுபோல் முன்னால் தள்ளிக்கொண்டு வருவதை அவளும் பார்த்தாள். அதன்பிறகு அவர்தான் அவளைப் பின்தொடர்ந்து ஓட வேண்டியிருந்தது. பாலத்தின் அக்கரையில் அவர்கள் கால் வைத்ததும், பின்னால் பாலம் இல்லை.

மண்டபத்தில், "எங்கள் மலை ஒருபோதும்..." என்று இயக்குநர் அம்மையார் கையை உயர்த்திய அதே கணத்தில், அவருடைய தோளுக்கு மேலே, சன்னலில், மலையின் ஒரு பக்கம் முழுவதும் மரங்களோடு நின்ற கோலத்திலேயே கீழே இறங்கியது. முதலில் மேக மாளிகை மறைந்தது. பிறகு தெரு மறைந்தது. கூட்டம் திகைத்தது. பிறகு, இது செயல்முறை விளக்கம் என்று யாரோ சொல்ல, மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அம்மையார் அக்கைதட்டலைத் தம் உரைக்கானது என்று எடுத்துக்கொண்டு, தலைதாழ்த்தி ஏற்றார். மைத்துனர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். படத்தில் தம் விடுதிக் கூரையை அடையாளம் கண்ட பிறகே கைப்பேசியைக் கீழே போட்டார்.

வாயிலில், தலை முதல் கால்வரை சேறாக, கண்காணிப்பாளரும் அவர் மனைவியும் நின்றார்கள். சான்றிதழில் ஒரு துளிகூட இல்லை.

இதன்பின் முடிவு செய்யப்பட்டவை வருமாறு.

இடிபாடுகளிலிருந்து ரப்பர்ப் பட்டை ஒன்று மீட்கப்பட்டது. அதன் ஒரு முனை ஒரு கல்லிலும் மறுமுனை ஓடையில் கிடந்த இன்னொரு கல்லிலும் ஒட்டியிருந்தது. அது அறவில்லை. ஆகவே, நிலச்சரிவு நிகழவில்லை என்று முடிவாயிற்று. நிகழ்ந்தது மலையின் கீழ்நோக்கிய முன்னேற்றம் என்று கோப்பில் பதிவாயிற்று.

உயிர்ச்சேதம் இல்லாமைக்கு 'நிலச்சரிவை நேசிப்போம்' முகாமே காரணம் என்பது ஏற்கப்பட்டு, அலுவலகத்துக்கு மற்றொரு விருது வழங்கப்பட்டது. இயக்குநர் அம்மையார் கேட்டுக்கொண்டபடி, அது முந்தையதைவிட அகலமான சட்டத்தில் அளிக்கப்பட்டது.

சிறப்புரையின் நடுவே எழுந்து சென்றதற்காகக் கண்காணிப்பாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. இயற்கை அழைப்பு என்று அவர் எழுதிக் கொடுத்தார். அது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

தெருமக்கள் கூடி மனு அளித்தார்கள். புதிய இடத்தில் கட்டப்படும் சுவரில் கண்ணாடி ஒட்டக் கூடாது, ரப்பரே ஒட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கண்ணாடி உடைந்தால் விருந்தினர் மிரண்டுவிடுவார்கள் என்று அதற்குக் காரணமும் காட்டினார்கள். மனுவில் முதல் கையொப்பம் தையல்காரம்மாவுடையது.

மரங்கள் போய்விட்டதால் காட்சி முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்று கண்ட மைத்துனர், புதுமண்ணின்மேலேயே இரண்டாம் மேக மாளிகைக்கு அடித்தளம் இட்டார். பழைய சான்றிதழில் இன்னும் காலம் மீதமிருந்ததால், அதுவே போதும் என்று அலுவலகம் தெளிவுபடுத்தியது. தங்கை அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்ததன் அருமை குடும்பத்தில் எல்லாருக்கும் அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஆண்டுக்கான சான்றிதழும் கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்தது. அன்று அவர் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மாலையில் மேசை காலியாயிற்று.

ஆனால், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை அவர் செய்தார். ஊரின் மறுகோடியில் குடிபெயர்ந்த வாடகை வீட்டில், படுக்கையறைச் சுவரில் மயிரிழை போன்ற ஒரு விரிசலைக் கண்டு, அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். நாள்தோறும் காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பார். அது முழுதாக இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு எழுவார்.

ஒரு நாள் காலையில், அங்கே கண்ணாடி இல்லை. அதே இடத்தில், இரு முனைகளும் சுத்தமாகச் சிமெண்டால் ஒட்டப்பட்ட ரப்பர்ப் பட்டை ஒன்று இருந்தது.

"நேத்து உடைஞ்சு கிடந்ததுங்க" என்றாள் மனைவி, தேநீரை நீட்டியபடி. "பார்த்தா உங்களுக்குத் தூக்கம் போயிடுமேன்னு நான்தான் மாத்தி வச்சேன். இனிமே உடையாது."